படத்தின் அடியில் பாரதியார்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

பாரதியாரைப் பற்றி ஒரு கட்டுரையேனும் இல்லாத கல்லூரி மலர் நம் நாட்டில் உண்டோ என்பது ஐயமே. நம் கல்லூரி மலரின் பழைய தொகுதிகளை நூலகத்தில் புரட்டிப் பார்த்தேன். தேசியக் கவி பாரதி, பெண்மை போற்றிய பாரதி, பாரதி கண்ட புதுமை என்று ஆண்டு தவறாமல் யாரேனும் ஒருவர் எழுதியே வந்திருக்கிறார். ஆகவே, மீண்டும் ஒரு பாரதியா என்று தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் இப்பக்கத்தைத் திருப்பிவிட வேண்டா என முதலிலேயே வேண்டிக்கொள்கிறேன். நான் எழுத எடுத்துக்கொண்டது கவிஞர் பாரதியை அன்று. படத்துக்கு அடியில் நாலு வரி எழுதிய பத்திரிகைக்காரர் பாரதியை. அவரிடம் நான் போய்ச் சேர்ந்ததும் இலக்கிய ஆர்வத்தால் அன்று; ஒரு பட்டுப் புடவையால்.

என் ஊர் தென்னேரி. வாலாஜாபாத்துக்கு அருகே, கடல்போல் பரந்து கிடக்கும் ஏரியால் பெயர் பெற்ற ஊர். திரையன் வெட்டிய ஏரி ஆதலின் திரையனேரி என்றிருந்து தென்னேரி ஆயிற்று என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள். என் தாய்மாமன் தறி நெய்பவர். நெடுங்காலம் காஞ்சிபுரத்துக் கடை ஒன்றுக்குக் கூலிக்கு நெய்தவர், 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் வேலை நின்றுபோன பிறகு, இடையிடையே சொந்தமாக ஒரு பாவு வாங்கி நெய்து, தாமே விற்கத் தொடங்கினார். விற்பது எங்ஙனம்? கைப்பேசியில் படம் பிடித்து முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போட வேண்டும். வீட்டில் கல்லூரிக்குப் போகிறவள் நான் ஒருத்தியே ஆதலால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

படம் பிடிப்பது எளிதாகவே இருந்தது. காலை வெயிலில் திண்ணையில் விரித்தால் பட்டு தானே பேசும். படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பதில்தான் திகைத்தேன். அழகிய காஞ்சிப் பட்டு என்று எழுதினேன். நான்கு பேர் விருப்பக் குறி இட்டார்கள். நால்வரும் உறவினர்கள். படத்தில் கண்ணுக்குத் தெரிவதையே எழுத்திலும் சொன்னால் யார்தான் நின்று படிப்பார்கள்? இந்தக் குறையை எங்கள் துறை ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டே நூலகத்துக்குப் போகச் சொன்னார். ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994இல் வெளிவந்த பாரதியின் கருத்துப்படங்கள் என்னும் நூலைத் தேடிப் படிக்கும்படி பணித்தார். (எங்கள் காஞ்சிபுரத்து அறிஞர் அண்ணா தலைப்பிடுவதில் வல்லவர் ஆயிற்றே, அவரை ஏன் படிக்கக் கூடாது என்று கேட்டேன். அதற்கு ஓர் ஆண்டு போதாது என்றார். அதை அடுத்து வரும் மாணவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.)

சுப்பிரமணிய பாரதியார் 1882 டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தை சின்னசாமி ஐயர். தாய் இலட்சுமி அம்மாள். தாயை ஐந்து வயதில் இழந்தார். பதினோரு வயதில் எட்டயபுரத்துப் புலவர் அவையில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். இவையெல்லாம் நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்தவை. நான் நின்று படித்த இடம் வேறு. சின்னசாமி ஐயருக்கு எந்திரங்களில் பெருவிருப்பம். அந்தச் சிற்றூரில் பஞ்சாலை ஒன்றை நிறுவினார். வெள்ளையர் வாணிகத்தின் முன் அது நிற்கவில்லை. போட்ட பணமெல்லாம் போய், மனம் உடைந்து 1898இல் அவர் மறைந்தார். தறி வீட்டில் பிறந்த எவருக்கும் இந்தச் செய்தி ஒரு வரியாகக் கடந்துபோகாது. பதினைந்து வயதுப் பிள்ளை சுதேசி என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே அதன் பொருளைத் தன் வீட்டுக் கூடத்தில் கண்டுவிட்டான்.

அதன்பின் காசியில் அத்தை குப்பம்மாள் வீட்டில் வாழ்ந்தார். வடமொழியும் இந்தியும் கற்றார். 1902இல் திரும்பி எட்டயபுரம் மன்னரிடம் சிறிது காலம் இருந்தார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாத காலம் தமிழாசிரியர் வேலை பார்த்தார். அவ்வாண்டு நவம்பரில் சென்னைக்கு வந்து 'சுதேசமித்திரன்' நாளேட்டில் உதவியாசிரியரானார்.

அவரை வேலைக்கு எடுத்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878இல் 'இந்து' பத்திரிகையைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கி 1899இல் அதை நாளேடாக்கியவர். புதிதாக வந்த கவிஞருக்கு அங்கே கிடைத்த வேலை கவிதை எழுதுவது அன்று. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளைத் தமிழாக்குவது. நாள்தோறும், அச்சு காத்துக்கொண்டிருக்க, அன்னிய நாட்டுப் போரையும் பாராளுமன்றப் பேச்சையும் திருநெல்வேலிக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் புரியும்படி சொல்லியாக வேண்டும். புலமை காட்ட அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை. சொல் தேடி அவர் பட்ட பாட்டைப் பிற்காலத்தில் தாமே எழுதியிருக்கிறார். சட்டசபை மெம்பர் என்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் ஒன்றை அமைக்க எத்தனையோ சொற்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் வாய்க்கு வராமல், மெம்பர் என்றே எழுதிவிட்டாராம். இந்தச் செய்தியைப் படித்ததும் எனக்குச் சற்று ஆறுதலாயிற்று. மாபெரும் கவிஞரும் ஒரு சொல்லுக்காக மேசை முன் உட்கார்ந்து தலையைச் சொறிந்திருக்கிறார்! மக்கள் நாவில் இல்லாத சொல்லை அச்சில் ஏற்றிப் பயனில்லை என்ற அறிவு அவருக்கு அந்த அலுவலக மேசையில் வந்தது என்றே நான் கருதுகிறேன். பின்னாளில் 1912இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் எளிய நடை, எளிய சொல் என்று அவர் வற்புறுத்தியதற்கு வித்து இங்கே விழுந்தது.

1905 ஆகஸ்டில் 'சக்கரவர்த்தினி' என்னும் மாதர் இதழுக்கு அவர் ஆசிரியரானார். அவ்வாண்டு அக்டோபரில் வங்காளம் துண்டாடப்பட்டது. அன்னியத் துணியைப் புறக்கணிக்கும் இயக்கம் நாடெங்கும் பரவியது. காசிக் காங்கிரசுக்குச் சென்று வந்த பாரதியார், கல்கத்தாவில் நிவேதிதா தேவியைக் கண்டு அவரைத் தம் குருவாக ஏற்றார். சுதேசமித்திரனின் நிதானம் இனி அவருக்குப் போதாது. 1906 மே மாதத்தில் மண்டயம் திருமலாச்சாரியாரின் பொருளுதவியோடு 'இந்தியா' வார இதழ் பிறந்தது.

சிவப்புத் தாளில் அச்சான இதழ் அது. பிரெஞ்சுப் புரட்சி உலகுக்குக் கொடுத்த மூன்று சொற்களைத் தலையில் தாங்கி வந்தது. சந்தா கூட எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. அரசாங்கத்தாருக்கும் ஜமீன்தார்களுக்கும் மிகுந்த தொகை. எளியவர்க்கு மிகக் குறைந்த தொகை. சந்தா விவரம் என்பது எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரு மூலையில் கிடக்கும் செய்தி. அதையும் படிப்பவர் சிரிக்கும்படியும் சிந்திக்கும்படியும் செய்தவர் இவர் ஒருவரே!

அந்த இதழின் முதற் பக்கத்தில்தான் கருத்துப்படங்கள் வெளிவந்தன. கருத்துப்படம் என்னும் கலை அப்போது உலகுக்குப் புதிதன்று. இலண்டனில் 1841இல் தோன்றிய 'பஞ்ச்' இதழ் அதற்கு வழிகாட்டியது. அதைப் பின்பற்றி நம் நாட்டிலும் இலக்னோவில் 'அவத் பஞ்ச்', பம்பாயில் 'ஹிந்தி பஞ்ச்' போன்றவை தோன்றியிருந்தன. ஆனால் தமிழ்ப் பத்திரிகை உலகில் அரசியல் கருத்துப்படத்தைத் தொடர்ந்து வெளியிட்டு நிலைநாட்டிய முன்னோடி பாரதியாரே. படம் வரைந்தது அவர் கை அன்று. கருத்து அவருடையது, ஓவியர் வரைவார், பின் படத்தின் கீழே விளக்கம் எழுதுவார்.

இந்த விளக்கத்தைத்தான் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். அக்காலத்தை நாம் மறக்கலாகாது. 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்றே கூடுதலாகத்தான் எழுத்தறிவு இருந்தது. ஒருவர் படிக்க ஒன்பது பேர் கேட்பது அந்நாளைய பத்திரிகை வாசிப்பு. எழுத்தறியாதவரும் படத்தைப் பார்ப்பார். ஆனால் படத்தில் நிற்கும் துரை யார், எதிரே நிற்பவர் யார், இவர்களுக்குள் என்ன வழக்கு என்று அவருக்கு யாரேனும் சொல்ல வேண்டும். அங்கேதான் படத்தின் கீழுள்ள தமிழ் வேலை செய்தது. இந்தியா மந்திரி மார்லி, வைசிராய் மிண்டோ, நிதானக் கட்சித் தலைவர்கள் என்று பெயர் சொல்லியே பேசியது. அந்த வாரச் செய்தியை எடுத்துக்கொண்டு, படத்தில் காண்பது இன்னது, அதற்குக் காரணம் இன்னது என்று கதை சொல்வதுபோல் விளக்கியது. படம் பார்ப்பவரை நிறுத்துகிறது. விளக்கம் அவரைக் கட்சி சேரச் சொல்கிறது. படித்து முடித்தவர் சும்மா இருக்க முடியாது: ஒன்று சிரிக்க வேண்டும், அல்லது கோபிக்க வேண்டும். தம் கட்சியின் தவறுகளை அவர் இதே கூர்மையோடு காட்டினாரா என்று வரலாற்று மாணவி என்ற முறையில் நான் கேட்கத்தான் வேண்டும். இல்லை என்பதே விடை. நிதானக் கட்சியாரிடம் சில வேளை அவர் கடுமையாகவே நடந்துகொண்டார். முதல் இதழாசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் மீது கொண்ட மரியாதையை மட்டும் அவர் ஒருபோதும் கைவிடவில்லை.

1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரசு இரண்டாகப் பிளந்தது. பாரதியார் திலகரின் பக்கம் நின்றார். மறு ஆண்டு அடக்குமுறை வந்தது. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் ஓட்டிய வ. உ. சிதம்பரனார் 1908 மார்ச்சில் கைது செய்யப்பட்டு ஜூலையில் கொடுந்தண்டனை பெற்றார். அதே ஜூலையில் திலகருக்கு ஆறாண்டுச் சிறை. அடுத்து அரசாங்கத்தின் கண் இந்தியாவின் மேல் விழுந்தது. ஆகஸ்டில் ஆசிரியரைக் கைது செய்ய ஆணை பிறந்தது.

ஆனால் ஆசிரியர் யார்? அரசாங்கப் பதிவேட்டில் ஆசிரியராகப் பதிந்திருந்த பெயர் பாரதியாருடையது அன்று, எம். சீனிவாசன் என்பவருடையது. எழுதியவர் ஒருவர், கையெழுத்திட்டவர் வேறொருவர். சீனிவாசன் பிடிபட்டார். ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். நண்பர்கள் வற்புறுத்த, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பாரதியாரிடம் பாடம் கேட்கத் தொடங்கிய சில நாளில், என் எழுத்தும் சூடு பிடித்தது. மாமா நெய்த மாம்பழ மஞ்சள் புடவை ஒன்றுக்கு, பெயரும் ஊரும் சொல்லி, கோர்வை என்றால் என்ன என்று கதைபோல் எழுதினேன். முந்நூறு பேருக்கு மேல் விருப்பக் குறி இட்டார்கள். அந்தக் களிப்பில், பிறர் எல்லாரும் எழுதுகிறார்களே என்று, அசல் வெள்ளி ஜரிகை என்ற மூன்று சொற்களையும் சேர்த்துவிட்டேன். அது பாதி ஜரிகை என்பது எனக்குத் தெரியும். கோவையிலிருந்து ஓர் அம்மையார் மகள் திருமணத்துக்கென்று வாங்கினார். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். அவர் சுரண்டிப் பார்த்திருக்கிறார். புடவை திரும்பி வந்தது. அதற்குள் மாமா அந்தப் பணத்தில் அடுத்த பாவுக்குப் பட்டு வாங்கியிருந்தார். கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்தார். படத்தின் அடியில் இருந்தது அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும். என் பெயர் எங்கும் இல்லை. மாமா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அத்தை மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பாரதியார் எழுதியது பொய் அன்று. நான் எழுதியது பொய். ஆகவே இரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணுவது தகாது என்பதை அறிவேன். ஆயினும் சீனிவாசன் சிறைக்குள் நடந்த அந்த நாளில், எழுதிய கை என்ன நினைத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. பாரதியாரின் வாழ்க்கை வரலாறுகள் பல இவ்விடத்தை இரண்டு வரியில் கடந்து புதுச்சேரிக்குப் போய்விடுகின்றன. சீனிவாசனுக்கு ஒரு தனி நூல் எழுதுவார் இல்லை. அவர் வெளியே வராமல் இருந்திருந்தால் குயில் பாட்டு நமக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்பார்கள். கிடைத்திருக்காதுதான். ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் சீனிவாசன், நாம் அல்லோம்.

புதுச்சேரியில் 1908 அக்டோபரில் இந்தியா மீண்டும் வெளிவந்தது. கருத்துப்படங்களும் தொடர்ந்தன. 'விஜயா' நாளேடு, 'கர்மயோகி' மாத இதழ் என்று பாரதியாரின் பேனா ஓயவில்லை. கருத்துப்படத்தில் அவருக்கிருந்த பற்றுக்கு ஒரு சான்று கூறுவேன்: ஆங்கிலமும் தமிழும் கலந்து, படங்களுக்கென்றே 'சித்திராவளி' என்னும் இதழ் ஒன்றை நடத்தத் திட்டமிட்டார். அது வெளிவரவில்லை. இந்தியாவைத் தன் ஆட்சிப் பகுதிக்குள் நுழையாதபடி ஆங்கில அரசு தடுத்தது. வாசகரெல்லாம் எல்லைக்கு அப்பால் இருக்க, ஏடு மட்டும் எல்லைக்குள் இருந்து என்ன பயன்? 1910 மார்ச்சோடு அது நின்றது.

கேட்க ஆளில்லாமற் போன அந்த ஆண்டுகளில்தான் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் பிறந்தன. அவற்றைப் பற்றி எழுத இம்மலரில் என்னினும் தகுதியுடையோர் உளர். பசியும் கடனும் ஒற்றர் தொல்லையும் அவ்வீட்டில் நிலையாகக் குடியிருந்தன என்பதையும், குடும்பத்தைத் தாங்கியவர் செல்லம்மாள் என்பதையும் சொல்லி மேலே செல்கிறேன்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியார் கடலூரில் கைது செய்யப்பட்டு, டிசம்பரில் விடுதலையானார். மனைவியின் ஊராகிய கடையத்துக்குப் போனார். அங்கிருந்து 1920இல் தம் நண்பர்களுக்கு ஒரு சுற்றுக் கடிதம் அனுப்பினார். தம் நூல்களையெல்லாம் பல பகுதிகளாக, பகுதிக்குப் பதினாயிரம் படிகளாக அச்சிடப்போவதாகவும், அவை மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விட எளிதாகவும் விரைவாகவும் நாடெங்கும் விற்றுப்போகும் என்றும் நம்பிக்கையோடு எழுதினார். அச்சிடுவதற்குப் பணம் கேட்டார். தமிழகத்தில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றாத வீடு அன்று இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் தாம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல அவர் எடுத்த உவமையைப் பாருங்கள்! அதிலும் பழைய பத்திரிகைக்காரரே தெரிகிறார். ஆனால் பணம் வரவில்லை. திட்டம் கடிதத்தோடு நின்றது. முந்நூறு விருப்பக் குறி பெற்ற நான் வெட்கப்பட்ட இடம் இது.

1920 நவம்பரில் சுதேசமித்திரனுக்கே திரும்பினார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் தந்திகளைத் தமிழாக்கிய அதே ஏடு. அடுத்த ஆண்டு திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது. அதிலிருந்து தேறி, மீண்டும் அலுவலகம் சென்றார். ஈரோட்டுக்கு அருகே கருங்கல்பாளையத்துக்குப் போய்ச் சொற்பொழிவும் ஆற்றினார். பிறகு வயிற்று நோய் கண்டு 1921 செப்டம்பரில், நாற்பது வயது நிறையுமுன், மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் இருபது பேர் கூட இல்லை என்பர். செல்லம்மாள் 1922இல் பாரதி ஆசிரமம் என்ற பெயரில் அவர் நூல்களை அச்சிட முயன்றார். 1949இல் சென்னை அரசு அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கிப் பின்னர் மக்களுக்கே உரிமையாக்கியது. மண்ணெண்ணெய்க் கனவு அதன் பிறகே பலித்தது. இன்று மண்ணெண்ணெய் விளக்கு எங்கள் தென்னேரியிலும் இல்லை, பாரதியார் இருக்கிறார்.

கோவையிலிருந்து திரும்பி வந்த மாம்பழ மஞ்சள் புடவைக்குச் சென்ற தை மாதத்தில் மீண்டும் படம் எடுத்தேன். இம்முறை எழுதியதை, போடுவதற்கு முன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். நெய்தவர் பெயர், கோர்வைக்குக் கூட நின்று நாடா தள்ளிய அத்தையின் பெயர், பதினேழு நாள் நெசவு, நடுவில் இரண்டு நாள் மழையில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்றது, ஜரிகை பாதி ஜரிகை, ஒருமுறை விற்றுத் திரும்பி வந்தது, எழுதியவள் இன்னாருடைய மருமகள், பெயர் இன்னது. திரும்பி வந்ததை எழுதத்தான் வேண்டுமா என்று மாமா கேட்டார். சற்று யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றார். அத்தை தம் பெயரைப் படத்தின் அடியில் இரண்டு முறை விரல் வைத்துப் பார்த்தார்.

பதினோரு பேர் விருப்பக் குறி இட்டார்கள். சாயம் போகுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புடவை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. தறியில் அடுத்த பாவு ஏற்றியாகிவிட்டது.